ஒரு தோள் குடுங்க

பாறைச் சரிவில் இறங்கத் தோல் ஷூ உதவாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போட்டுக்கொண்டு போன ஷூ காலிலேயே இருந்தது. புதர்களைப் பிடித்துப் பிடித்து, சில இடங்களில் உட்கார்ந்தபடியே சறுக்கி, மலை ரோட்டின் கழுதைக் கழுத்து வளைவிலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் காபிக்கடை ப்ரெங்க் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கும் பின்னால் பாதி ஊர்.

கீழே வேன் ஓர் ஓக் மரத்தில் முட்டி, இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கண்ணாடி வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேனில் வைப்பர் வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த என் மாப்பிள்ளை நிக்கோல், என் காலடிச் சத்தம் கேட்டதும் பேசினான்.

"மாமா... டிலா பின்னாடி இருக்கா மாமா. என்னை விடுங்க. அவளைப் பாருங்க."

டிலா என் மகள். ஒரே பிள்ளை.

நான் எஞ்சினுக்குப் போனேன்.

முன்பக்கம் பிளந்திருந்தது. பெல்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி உடைந்து தொங்கியது. உள்ளே கைவிட்டுத் தடவி, அறுந்து கிடந்த டைமிங் பெல்ட்டை உருவி, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது. அதன் பிறகுதான் பக்கக் கதவுக்குப் போனேன். அதற்குள் ப்ரெங்க் வந்துவிட்டான்.

அன்று மாலையே ஊரில் கதை கட்டிவிட்டார்கள். "புரொபசர் மூளையே மூளை. பெத்த பொண்ணு உள்ள கிடக்கா. அப்பவும் மனுஷன் முதல்ல போயி டீசல் லைனை அடைச்சாரு பாரு. இல்லேன்னா மொத்தமும் எரிஞ்சிருக்கும்" என்று ப்ரெங்க் கண்ணீரோடு சொன்னதை நானே கேட்டேன். டீசல் அப்படி எரியாது. எங்கள் ஊரில் என்னைப் பாராட்டுவதற்குக்கூட யாருக்கும் சரியான காரணம் கிடைப்பதில்லை.

எழுதிக்கொள்கிறீர்களா, லூலாஷ்? இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட வேண்டும்தான். ஆனால் தொழிற்பள்ளியில் நான் எஞ்சின் பாடம் நடத்தியபோது நீங்கள் நடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். கடைசி பெஞ்ச் பையன்கள் தேவலை, தங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நடு பெஞ்ச் அப்படியில்லை. நான் இன்று ஸ்டேஷனுக்குள் வந்ததும் எழுந்து நின்றீர்கள். நல்ல பழக்கம். உட்காருங்கள்.

நீங்கள் கூப்பிட்டதால் நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். உங்கள் அறிக்கையை நேற்று வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினீர்கள் அல்லவா, அதில் ஒரு வரி தவறு. 'பெல்ட்டை மாட்டியவருக்கு அந்த வேலை முறையாகத் தெரிந்திருக்கவில்லை.' நிக்கோலின் வேனுக்கு பெல்ட் மாட்டியவன் நான் என்பது ஊருக்கே தெரியும். 'வருத்தப்படாதீங்க புரொபசர், வயசாச்சு, கை நடுங்கியிருக்கும்' என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். இரவு முழுக்க அந்தத் தட்டல் என் தோளிலேயே இருந்தது.

என் கை நடுங்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நிக்கோலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நல்லவன் என்று எல்லோரும் சொல்வார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு நல்லவனாக இருப்பதைத் தவிர வேறு வேலை என்ன. இத்தாலியில் தக்காளி பறித்துச் சேர்த்ததில் அந்தப் பழைய டீசல் வேனை வாங்கிக்கொண்டு கப்பலேறி வந்தான். எங்கள் ஊர் குர்பார்த்திலிருந்து ஷ்கோதர் நகரத்துக்கு ஆளேற்றுவான். ஆளோடு பாலாடைக்கட்டி, கஷ்கொட்டை மூட்டை, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆட்டுக்குட்டிகள். வேனை 'அம்மணி' என்று கூப்பிடுவான். ஏற்றத்தில் அது திணறினால் டாஷ்போர்டைத் தடவிக்கொடுத்து, "வாங்க அம்மணி, இன்னும் ஒரே வளைவு, மேல போயி காபி வாங்கித் தர்றேன்" என்பான். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். இப்படிப்பட்டவனை என் மகள் விரும்பினாள்.

அவன் வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகள், இரண்டு அறை. அதனால் நான் அவனை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். எங்கள் மலையில் பெண் வீட்டோடு வந்து தங்குகிற மாப்பிள்ளையை மனிதனாக மதிக்க மாட்டார்கள். காபிக்கடையில் அவனைச் சீண்டுவார்கள். "என்னப்பா மருமகளே, மாமனார் இன்னிக்குப் பாத்திரம் கழுவச் சொன்னாரா?" என்று கேட்பார்கள். அவனுக்குக் கோபம் வராது. "கழுவி, துடைச்சு, அடுக்கிட்டும் வந்துட்டேன். உங்க வீட்டுக்கும் வரணும்னா முன்னாடியே சொல்லி வைங்க" என்பான். அவமானத்தைக்கூடச் சரியாகப் படத் தெரியாதவன்.

எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. டிலா என் வீட்டில் இருந்தாள். விஷயம் அதுதான், லூலாஷ். என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் விளக்கு எரிந்தது டிலாவால். மாலையில் என்னோடு சதுரங்கம் ஆடுவாள். எப்போதும் தோற்பாள். ஒருமுறை நிக்கோல், "மாமா, அவ வேணும்னே தோக்கிறா, என்கூட ஆடுறப்ப என்னைக் கிழிச்சுத் தொங்க விடுறா" என்று சொன்னான். சதுரங்கத்தில் அவன் சொல்வதை நான் பொருட்படுத்தவில்லை.

அந்த வேனைப் பற்றி ஒரு விஷயம். அதன் பக்கக் கதவு உள்ளேயிருந்து சாத்தாது. தாழ் தேய்ந்துவிட்டது. வெளியே நிற்கும் யாராவது கைப்பிடியை ஒரு கையால் மேலே தூக்கி, தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். பேட்டரியும் பலவீனம் என்பதால் நிக்கோல் வழியில் எஞ்சினை அணைக்க மாட்டான். இருக்கையை விட்டு இறங்கவும் மாட்டான். ஆள் ஏறியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒரு தோள் குடுங்க" என்று கத்துவான். ரோட்டில் போகிற பாதிரியார்கூடத் தோள் கொடுத்திருக்கிறார். பழுது பார்க்க ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் ஒரு வேடிக்கையாக ஆக்கிவைத்திருந்தான். அந்த ஊரும் அதைக் கொண்டாடியது.

வசந்தத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தார்கள். பேசியது டிலா. அவன் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, ஷ்கோதர்ல ஏரிக்கரைப் பக்கம் வீடு பாத்திருக்கோம். ஒரு ஹோட்டல்காரங்க டூரிஸ்ட்டுங்களைக் கூட்டிட்டுப் போக வர வண்டி கேக்கிறாங்க. வருஷம் பூரா வேலை."

நான் சூப்பில் கரண்டியை விட்டேன்.

"உங்களுக்கும் ஒரு ரூம் இருக்குப்பா. ஜன்னலைத் தொறந்தா ஏரி. சதுரங்கப் பலகையை முதல்ல எடுத்து வச்சுடலாம்."

ஒரு டிரைவர் வீட்டில் விருந்தாளியாக இருக்கச் சொன்னாள் என் மகள். அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள். அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் சூப்பைக் குடித்து முடித்தேன். போய் வாருங்கள் என்று சொன்னேன். டிலா எழுந்து வந்து என் தலையில் முத்தமிட்டாள். நான் ஒப்புக்கொண்டதாக அவர்கள் இருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு சொல்லை அது சொல்லப்படும் விதத்தோடு சேர்த்துக் கேட்க இருவருக்குமே தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். இவர்களை அங்கே கொண்டுபோகப் போவது எது? காதல் இல்லை, ஏரி இல்லை. அந்த வேன். வேன் இருந்தால்தான் ஹோட்டல். ஹோட்டல் இருந்தால்தான் வீடு. வேன் இல்லையென்றால் அவன் மறுபடியும் என் மேசையில் உட்கார்ந்து ரொட்டி பிய்ப்பான்.

இந்த நேரத்தில் அவனே வந்து கேட்டான். எண்ணெய்க் கறைக் கையில் ஒரு அட்டைப் பெட்டி.

"மாமா, புது டைமிங் பெல்ட். உருளையெல்லாம் சேர்த்து முழு செட்டு. நகரத்துக்குப் போறதுக்கு முன்னாடி அம்மணிக்கு மாத்திடணும். கராஜ்ல குடுக்க மனசு வரலை. அவனுங்க அவசரத்துல கை வைப்பானுங்க. நீங்க செஞ்சா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

உங்களுக்கு நினைவிருக்கிறதா பார்க்கலாம், லூலாஷ். டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த ரப்பர் பட்டை. கீழே பிஸ்டன்களும் மேலே வால்வுகளும் ஒன்றையொன்று தொடாமல் முறைவைத்து ஆட வேண்டும். அந்த முறையைக் காப்பது இந்தப் பட்டை. அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வால்வு வளையும். எஞ்சின் செத்துப்போகும். அந்த வயதுள்ள வேனுக்கு எஞ்சின் செத்தால் பழைய இரும்புக் கடைதான். பெல்ட் அறுவதற்கு முன்னால் பெரும்பாலும் சத்தம் போடாது, எச்சரிக்காது. அதனால்தான் காலம் பார்த்து மாற்றச் சொல்கிறோம். நீங்கள் பரீட்சையில் இதை எழுதவில்லை.

வேலையை என் கொட்டகையில் செய்தேன். நிக்கோல் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காரப் பார்த்தான், துரத்திவிட்டேன். மூடியைக் கழற்றினேன். பழைய பெல்ட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் மடக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்க வெடிப்பு. இரண்டு பல்லின் அடியில் நூல் தெரிந்தது. துணியால் சுத்தமாகத் துடைத்தேன். பிறகு அதையே திரும்ப மாட்டினேன்.

எதையும் நான் வெட்டவில்லை. எதையும் தளர்த்தவில்லை. குறிகள் எல்லாம் நேருக்கு நேர், இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. அந்த வேலையை அதைவிடச் சுத்தமாக இந்த மாவட்டத்தில் யாரும் செய்ய முடியாது. இருந்ததை இருந்த இடத்தில் வைத்தேன். அந்த பெல்ட்டைத் தேய்த்தது நான் இல்லை, அவன். அத்தனை காலம் மாற்றாமல் ஓட்டியது அவன். உண்மையில் நான் ஒன்றுமே செய்யவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

புது பெல்ட் பெட்டியோடு கொட்டகைப் பரணில் இருந்தது. இதோ, கொண்டுவந்திருக்கிறேன். பழையது இந்தப் பொட்டலத்தில்.

மாலையில் அவன் வண்டியை எடுத்தான். ஒரே சுற்றில் கிளம்பியது. என் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அவன் தாய்மாமன் காய்ச்சிய ரக்கிச் சாராயம் ஒரு புட்டி கொடுத்தான். குடித்துப் பார்த்தேன். நல்ல ரக்கி.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சோதனை. பெல்ட் அறுவதாக இல்லை. தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்பேன். அன்றைக்குக் கிளம்பாது, முற்றத்திலேயே ஒரு 'டக்' என்று நின்றுவிடும் என்று பார்ப்பேன். கிளம்பும். போகும். வரும். ப்ரெங்க் கடையில் அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "மாமா கை பட்டதுல இருந்து அம்மணி தையல் மெஷின் மாதிரி ஓடுறா." அவர்களும் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார்கள். நூல் தெரியும் ஒரு பெல்ட்டுக்காக எனக்கு மரியாதை செய்தார்கள். பெல்ட் மாறவே இல்லை என்று ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த ஆட்களுக்குத்தான் நான் இருபது வருடம் பாடம் நடத்தினேன்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பெல்ட் அறுந்தால் எஞ்சின்தானே நிற்கும், பிரேக் ஏன் போனது என்று. அது நல்ல கேள்வி. நீங்கள் கேட்ட ஒரே நல்ல கேள்வி.

அந்த வேனில் பிரேக்கை அழுத்துவது காலின் பலம் மட்டும் இல்லை. காற்றை உறிஞ்சி உதவுகிற ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. அதைச் சுற்றுவது மேலே வால்வுகளை அசைக்கும் தண்டு. தண்டைச் சுற்றுவது பெல்ட். பெல்ட் போனால் தண்டு நிற்கும், பம்ப் நிற்கும். ஆனால் உடனே எல்லாம் போய்விடாது. சேர்த்து வைத்த உதவி இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். விஷயம் தெரிந்தவன் ஒரே மிதியாக மிதித்து, காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு வண்டியை நிறுத்திவிடுவான்.

எங்கள் மலையில் யாரும் அப்படி மிதிக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவும் மிதித்ததில்லை. கழுதைக் கழுத்தில் இறங்கும்போது பிரேக்கைத் தட்டித் தட்டித்தான் இறங்குவார்கள். அழுத்திப் பிடித்தால் சூடேறி எரிந்துவிடும் என்று அப்பன் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லி, அது இப்போது காலில் ஊறிவிட்டது. தட்டு, விடு, தட்டு, விடு. மேலே காபிக்கடையில் உட்கார்ந்தால் பின்விளக்கு சிமிட்டுவதை வைத்தே, போவது நம்ம ஊர் வண்டி என்று சொல்லலாம். எஞ்சின் ஓடும்வரை அது நல்ல பழக்கம்தான். எஞ்சின் நின்ற பிறகு, ஒவ்வொரு தட்டும் மிச்சமிருக்கும் உதவியைத் தின்றுவிடும். பிறகு பெடல் கல்லாகிவிடும். நிக்கோல் இந்த ஊர்ப் பழக்கத்தை மற்றவர்களைவிட ஒழுங்காகச் செய்கிறவன்.

அன்றைக்கு அவன் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினான். என் மனைவியின் அலமாரி, இரண்டு மெத்தை, சமையல் பாத்திரம். டிலா அடுத்த வாரம் போவதாகத்தான் இருந்தது. எனக்கு வீட்டை ஒழுங்குசெய்து வைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். பூசை முடிந்ததும், சர்ச் வாசலில் வேன் எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றபோது, அவளுக்கு மனம் மாறிவிட்டது. அங்கே திரைச்சீலைக்கு ஜன்னல் அளவெடுக்க வேண்டுமாம். சாயங்காலமே திரும்பிவிடலாமாம். ஏறிக்கொண்டாள்.

நான் ப்ரெங்க் கடைக்கு நடந்துபோய், வெளியே போட்டிருந்த மேசையில் உட்கார்ந்தேன். காபி வந்தது. அங்கேயிருந்து கழுதைக் கழுத்தின் முதல் மூன்று வளைவும் தெரியும். வேன் முதல் வளைவில் இறங்கியது. பின்விளக்கு சிமிட்டியது. இரண்டாவது வளைவுக்கு முன்னால் ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது. சத்தம் கேட்டதும் அவன் கிளட்சை மிதித்திருப்பான். யாராக இருந்தாலும் மிதிப்பார்கள். அதோடு எஞ்சினின் பிடியும் போனது. பின்விளக்கு இன்னும் சிமிட்டியது. தட்டு, விடு, தட்டு, விடு. பிறகு விடாமல் எரிந்தது. அப்போது அவன் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூன்றாவது வளைவில் வேன் திரும்பவில்லை.

ப்ரெங்க் தட்டைக் கீழே போட்டான். நான் எழுந்து சரிவில் இறங்கினேன். அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

டிலா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

சாவு வீட்டுக்கு நீங்களும் வந்தீர்கள். சர்க்கரை போடாத காபி குடித்தீர்கள், தட்டில் வைத்த சிகரெட்டில் ஒன்று எடுத்துக்கொண்டீர்கள், "பிள்ளைகள் இல்லாத வீடு ஆகிவிட்டது" என்று யாரோ சொன்னதற்குத் தலையாட்டினீர்கள். நிக்கோலைக் கட்டுப்போட்ட காலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் அண்ணன்மார் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் உள்ளே விடுவேனோ மாட்டேனோ என்று பயம். பெண்ணைக் கொன்ற டிரைவர் என்றுதானே ஊர் பேசிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அவனைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். கூட்டம் முழுக்க அழுதது. பாதிரியார் அதை வைத்தே பிரசங்கம் செய்தார். மன்னிப்பின் மலை என்றோ என்னவோ சொன்னார்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "மாமா, நான் பிரேக்கைச் சரியா மிதிக்கலை. தப்பு எம்மேலதான். நீங்க போட்ட பெல்ட்டைப் பத்தி எவன் பேசினாலும் நம்பாதீங்க. உங்க வேலையில குறை இருக்காது."

நான் அவனைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் என் வேலையைப் பற்றிச் சரியாகப் பேசியவன் அவன் ஒருவன்தான். அதுவும் தெரியாமல் பேசியது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இன்று இங்கே வந்திருக்க மாட்டேன். ஊர் அவனைக் குற்றவாளி என்று வைத்துக்கொள்ளும். என்னைப் பாவம் என்று வைத்துக்கொள்ளும். இரண்டையும் சகித்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம். ஆனால் நீங்கள் வந்து, உடைந்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பெல்ட் விழும்போது எங்கோ தெறித்துவிட்டது என்று முடிவு கட்டி, 'மாட்டியவருக்கு வேலை தெரியவில்லை' என்று எழுதிவிட்டீர்கள். என்னிடம் படித்தவர், என் கையைப் பற்றி. அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்: பெல்ட் மாட்டியவருக்கு வேலை முழுமையாகத் தெரிந்திருந்தது.

என்ன இது. பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். கண்ணைத் துடைக்கிறீர்கள்.

நீங்கள் இப்போது சொன்னது எனக்குக் கேட்டது. "புரொபசர், வண்டியை நிறுத்தணும்னுதான் நினைச்சீங்க. பொண்ணு உள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும். காபிக்கடைக்குப் போயிட்டீங்க. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா" என்கிறீர்கள். எனக்காக ஒரு வாக்கியத்தை நீங்களே தயார் செய்துவிட்டீர்கள். 'மகள் வாகனத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது.' நீதிமன்றத்தில் அது எனக்கு உதவும் என்கிறீர்கள். நல்ல மனது. நடு பெஞ்சின் நல்ல மனது.

அந்தக் கூட்டத்தில் ஒருவனும் யோசிக்காததை நீங்களும் யோசிக்கவில்லை. அந்த வேனில் நீங்கள் எத்தனை முறை போயிருப்பீர்கள், லூலாஷ்? போன ஈஸ்டருக்கு உங்கள் அம்மாவை ஏற்றிவிட்டுவிட்டு, நீங்களே வெளியே நின்று என்ன செய்தீர்கள்? பரீட்சையிலும் இப்படித்தான். எல்லாம் கண் முன்னால் இருக்கும். விடை மட்டும் எழுத மாட்டீர்கள்.

பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது டிலா ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தாள், அலமாரிக்கும் மெத்தைக்கும் நடுவில், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "அப்பா, அடுப்புல சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. சாயங்காலம் வந்து ஒரு ஆட்டம் போடலாம்" என்றாள். இறங்கு என்று ஒரே ஒரு சொல் போதும். ஆனால் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்பாள். நிக்கோல் கேட்பான். சர்ச் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய பெல்ட்டைப் போட்டுக் கொடுத்தேன் என்று அந்தக் கூட்டத்துக்கு முன்னால், அவனுக்கு முன்னால், நான் சொல்ல வேண்டும். இத்தனை நாள் அறாத பெல்ட் இன்றைக்கா அறப்போகிறது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு பொதுவாகத் தவறாது.

நிக்கோல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "மாமா, ஒரு தோள் குடுங்க" என்றான்.

கொடுத்தேன். கைப்பிடியைத் தூக்கி, ஒரே தள்ளில் சாத்தினேன். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று தள்ளு ஆகும். எழுதிக்கொள்ளுங்கள்: கதவும் சரியாகத்தான் சாத்தப்பட்டிருந்தது; கீழே உங்கள் ஆட்கள் அதை வெட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது.